ஏழு பாட்டில் மழை

1

இந்த ஊரில் மழைக்கு மரியாதை கிடையாது. ஹாலந்தில் அது சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும், ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நனைந்துகொண்டே சைக்கிள் மிதிப்பார்கள், நனைந்தபடியே கடையில் நின்று ரொட்டி வாங்குவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் ஜன்னலோரம் போய் நிற்கிறேன். என் மகள் ரேச்சலுக்கு இது பெரிய வேடிக்கை. "தண்ணிதானேப்பா" என்பாள். அவளுக்குப் பத்து வயது. நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். இந்த மாதிரி என்னை மட்டம் தட்டும்போது மட்டும் சுத்தமான தமிழ் வந்துவிடும்.

தண்ணிதான். ஆனால் அக்டோபர் வரை குழாயடியில் குடத்தோடு சண்டை போட்டுவிட்டு, நவம்பரில் அதே தெருவில் முழங்கால் தண்ணீரில் செருப்பைத் தேடுகிற தாம்பரத்துக்காரனுக்கு மழை வெறும் தண்ணீர் ஆகிவிடுமா?

போன வாரத்தோடு நான் இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம் முடிந்தது. மனைவி கேக் வாங்கி வந்திருந்தாள். அன்றைக்கே சேலையூரிலிருந்து என் தம்பி அனுப்பிய கேசட் ஒன்றும் தபாலில் வந்தது. அந்தக் கேசட் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் நான் எழுதிய ஒரு பொய்யைச் சொல்லியாக வேண்டும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பன்னிரண்டு வருஷம் ஓடியது. நான் அவ்வளவு கெட்டிக்காரன்.

2

என் வேலை என்னவென்று ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கம்ப்யூட்டரில் நெல் வளர்க்கிறேன் என்று எழுதினால் கிண்டல் என்று நினைக்கிறார்கள். அது உண்மை.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்றில் அன்னெகெ என்ற விஞ்ஞானிக்கு நான் உதவியாளன். ஆசியாவின் கடலோர ஊர்களின் பழைய மழைக் கணக்குகளையும், அங்கே நடந்த பயிர்ச் சோதனைகளின் மகசூலையும் அவர் சேர்த்து வைத்திருக்கிறார். ஓர் ஊரின் மண்ணையும் வெயிலையும் மழையையும் நாள்வாரியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அது அந்த ஊரில் ஒரு நெல் விதையை முளைக்க வைத்து, தூர் கட்ட வைத்து, கதிர் வாங்க வைத்து, கடைசியில் இத்தனை மூட்டை என்று சொல்லும். அந்தச் சொல், நிஜமாக வயலில் கிடைத்ததோடு ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் படித்த பாடம் சரி. பருவம் மாறிக்கொண்டு வருகிறது, இனி அந்த உழவர்கள் எப்போது விதைத்தால் பிழைப்பார்கள், எந்த நெல் தாங்கும் என்று அதை வைத்துச் சொல்லலாம் என்பது அவர் நம்பிக்கை.

முதல் முறை அந்தத் திரையைப் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கெங்கோ ஏதேதோ நாடுகளில், காலையில் ஒரே மாதிரி ஒரு மனிதன் குனிந்து, ஒரு குடுவையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பென்சிலை நாக்கில் தொட்டு ஓர் எண்ணை எழுதியிருக்கிறான். அவனுக்கு அது ஒரு நாள் வேலை. அந்த எண்கள் எல்லாம் ஓர் அறைக்குள் வந்து சேர்ந்து நெல்லாக முளைக்கின்றன. எனக்கு மெய் சிலிர்த்தது. தேவாலயத்தில்கூட எனக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை, அம்மா படித்தால் வருத்தப்படுவாள்.

அந்தப் பட்டியலில், எட்டு ஆங்கில எழுத்துக்குள் நறுக்கப்பட்டு, எங்கள் தாம்பரத்தை ஒட்டிய மாடம்பாக்கமும் இருந்தது. அங்கே குனிந்து எழுதிய மனிதன் நான்.

3

எண்பதுகளின் நடுவில் நான் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிகக் களப்பணியாளன். மாடம்பாக்கம் ஏரிக்குக் கீழே ஒருவர் தன் நிலத்தில் கொஞ்சத்தைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். செங்கல்பட்டு மாவட்டத்தில் புழுதி விதைப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. ஏரி நிரம்பட்டும், நாற்று விடலாம் என்று காத்திருக்க மாட்டார்கள். ஆடியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். கிடைக்கிற ஒன்றிரண்டு மழையில் அது முளைத்து, சோளம்போல மேட்டுப் பயிராக வளரும். ஐப்பசியில் ஏரி நிரம்பினதும் அதே பயிர் நன்செய்ப் பயிராக மாறிக்கொள்ளும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்து ஒரே பந்தயம். எப்போது விதைத்தால் அந்தப் பந்தயம் ஜெயிக்கும் என்பதுதான் எங்கள் சோதனை. மூன்று பாத்தி, மூன்று விதைப்பு நாள்.

பாத்திகளைப் பார்த்துக்கொண்டவள் கன்னியம்மா. அந்த ஊர்க்காரி, என்னைவிட இரண்டொரு வயது சின்னவள், தினக்கூலி. களை எடுப்பது, பாத்தி எண் எழுதிய பலகைகளுக்கு வெள்ளை எனாமல் பெயின்ட் அடிப்பது, கடைசியில் பாத்தி பாத்தியாக அறுத்து, தூற்றி, நிறுத்துத் தருவது எல்லாம் அவள்தான். எழுத்து தெரியாது. தராசு முள் நிற்கும்வரை மூச்சு விட மாட்டாள்.

மழைமானி என் பொறுப்பு. காலை எட்டரைக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து எழுத வேண்டும். எட்டு இருபத்தொன்பது கூடாது, எட்டு முப்பத்தொன்று கூடாது என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். குடுவை உடைந்தால் வேறு வாங்க மூன்று மாதம் கடிதம் எழுத வேண்டும் என்பதால் அதை என் மேஜை இழுப்பறையில் பூட்டி, சாவியைப் பையில் வைத்திருப்பேன். கன்னியம்மா களைக்கொட்டை ஊன்றிக்கொண்டு தினமும் வேடிக்கை பார்ப்பாள். "மழைய மருந்து மாதிரி ஊத்துறியேண்ணா" என்பாள்.

4

அந்த நவம்பரில் பெங்களூரில் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. இன்று நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கான தேர்வு அது. மழைக்காலத்தில் மழைமானிக்காரனுக்கு லீவு கிடையாது. கேட்டால் கிடைக்காது, கேட்காமல் போனால் தெரியாது என்று கணக்குப் போட்டேன். கன்னியம்மாவிடம் மட்டும் சொன்னேன். இரண்டே நாள், அந்த டப்பா நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள் என்றேன். சாவியைக் கொடுக்கத் தோன்றவில்லை. கொடுத்தால் மட்டும் அவள் எண்ணைப் படித்துவிடுவாளா என்ற திமிர்தான்.

தேர்வு நன்றாக நடந்தது. வெளியே வந்தால் வங்கக் கடலில் புயல் சின்னம். அரக்கோணம் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. இரண்டு நாள் நான்காயிற்று. பெங்களூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் பேப்பர் வாங்கினேன். அதில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பதிவான மழை போட்டிருக்கும். எங்கள் மானி எப்போதும் மீனம்பாக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அதனால் அந்த அளவிலிருந்து கொஞ்சம் கழித்து, நான்கு நாளுக்கும் நான்கு எண், கையோடு கொண்டுபோயிருந்த பதிவேட்டில் எழுதினேன். ஒரே உட்காரலில் எழுதியது தெரியக் கூடாதென்று பக்கத்துப் பெஞ்சுக்காரர்களிடம் பேனா இரவல் வாங்கி, ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு பேனாவில் எழுதினேன். மழையளக்கும் தொழிலில் இருந்தவர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கும் மீனம்பாக்கம் தெரியும்.

மீனம்பாக்கத்தை ஒட்டிய பல்லாவரத்தில் வெயிலடிக்கும்போது எங்கள் பக்கத்துக் கேம்ப் ரோட்டில் குடை பறக்கும் என்பது தாம்பரத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அல்லது வரவிடவில்லை.

5

ஐந்தாம் நாள் காலை மாடம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. மூன்று பாத்தியில் இரண்டைக் காணவில்லை, தண்ணீர்தான் இருந்தது. ஆடியில் விதைத்த பாத்தி மட்டும் இடுப்புயரம் வளர்ந்திருந்ததால் தலையை வெளியே நீட்டி நின்றது.

கன்னியம்மா என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டாள். விதை மாதிரி வைக்கும் அரை லிட்டர் கண்ணாடி பாட்டில்கள் அங்கே காலியாக அடுக்கியிருக்கும். அவற்றில் ஏழை எடுத்து, பலகைமேல் வரிசையாக வைத்திருந்தாள். ஏழிலும் தண்ணீர். ஏழுக்கும் மூடி. தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளை எனாமல் பெயின்டில் ஒரு கோடு. கழுத்துப் பக்கத்தில் சின்னச் சின்ன புள்ளிகள்.

ஒரு புள்ளி முதல் நாள், இரண்டு புள்ளி இரண்டாம் நாள் என்று விளக்கினாள். அளவுக் குடுவை பூட்டிக் கிடந்ததால், தினமும் எட்டரைக்கு டப்பாவைத் திறந்து தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடித்திருக்கிறாள். முதல் நாள் ஒரு பாட்டில். இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் இரண்டு, நான்காம் நாள் ஒன்று. அவளிடம் கடிகாரம் கிடையாது. டீக்கடைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறாள், நான்கு நாளும்.

"கோடு எதுக்கு?" என்று கேட்டேன்.

"யாராச்சும் தட்டிவுட்டாகூட கோடு கீதே" என்றாள்.

பதிவேடு என் பையில் இருந்தது. பக்கங்களுக்கு எண் போட்ட பதிவேடு. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் மேலதிகாரி கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குப் போனால் நான்கு நாள் எங்கே இருந்தாய் என்ற கேள்வி வரும், வேலை போகும், வேலை போனால் ஹாலந்துக்காரன் கேட்கும் அனுபவச் சான்றிதழ் போகும். நான் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினேன்.

"அளக்கலையாண்ணா?"

"எழுதியாச்சு."

அவள் என் கையிலிருந்த பாட்டிலைக் காட்டினாள். "அப்போ இது இன்னா தண்ணி?"

அதையும் கொட்டினேன். காலி பாட்டில்களை நீயே எடுத்துக்கொள் என்றேன், ஏதோ பரிசு கொடுப்பவன் மாதிரி. என் எண்களுக்கு அவ்வளவு வெள்ளம் வந்திருக்க நியாயமில்லை என்பதால், பாத்தி மூழ்கியதையும் பதிவேட்டில் எழுதாமல் விட்டேன். பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். தை மாதம் அவள் அறுத்து நிறுத்தாள். ஆடிப் பாத்தியில் நல்ல விளைச்சல், மற்ற இரண்டிலும் பதர். அதை மட்டும் உள்ளபடி எழுதினேன். அந்த வருஷமே விமானம் ஏறினேன்.

6

இந்த மார்ச்சில் அன்னெகெ என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மாடம்பாக்கத்தில் எல்லா வருஷமும் ஒத்துப்போகிறது, ஒரு வருஷம் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றார். அந்த வருஷ மழைக்கு மூன்று பாத்தியுமே நன்றாக விளைந்திருக்க வேண்டுமாம். வயலில் இரண்டு பாத்தி சூனியம். மாடு புகுந்து மேய்ந்திருக்கும், அல்லது நிறுத்தவர்கள் சரியாக நிறுக்கவில்லை என்பது அவர் முடிவு. மழைக் கணக்கு ரொம்ப ஒழுங்காக இருக்கிறது, அதனால் மகசூலைத்தான் நீக்க வேண்டும் என்றார். அந்த வருஷத்தை எடுத்துவிட்டால், புழுதி விதைப்பு வெள்ளத்தைத் தாங்கியதற்கு எங்கள் கையில் இருந்த ஒரே சாட்சி போய்விடும். அந்த முறையை அடுத்த கட்ட ஆராய்ச்சியிலிருந்தே கழித்துவிடுவார்கள்.

என் பொய் ஒழுங்காக இருந்தது. கன்னியம்மாவின் உண்மைதான் குப்பைக்குப் போகப் போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசு முள்ளைப் பார்ப்பாளே, அந்த முகம் கண்முன் வந்து நின்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதாக இருந்தது. ஒப்பந்தம் இருந்தால்தான் குடியிருப்பு அனுமதி. அதைப் புதுப்பிக்கும் அலுவலகத்துக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் என் அப்பா பெயர் எப்படி எனக்குக் குடும்பப் பெயர் ஆனது, என் மனைவிக்கு ஏன் அது இல்லை என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் அதிகாரி அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே திரும்ப எழுதிக்கொள்வார். இந்த நாட்டில் தாளில் இருப்பதுதான் உண்மை. பொய்க் கணக்கு எழுதினவன் என்று என் பெயருக்கு நேரே ஒரு தாளில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த அலுவலகத்தில் போய் நிற்பது?

இரண்டு நாள் யோசித்தேன். சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை ரேச்சல் கேட்டுவிட்டாள். முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதையும் தமிழில் கேட்டாள். "அவங்க பிடிச்சு வச்சதை ஏன்ப்பா கொட்டின?"

மறுநாள் காலையில் அன்னெகெயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாக்கள் உட்பட. பதற்றத்தில் என் டச்சு காலைவாரியது, பெரியவர்களிடம் பேசும் மரியாதைப் பேச்சும் குழந்தைகளிடம் பேசும் பேச்சும் ஒரே வாக்கியத்தில் வந்தன. அவர் சிரிக்கவில்லை. மாடம்பாக்கத்துக் கணக்கைத் திரையில் மறுபடி திறந்தார். பிறகு, சரியான அளவு தெரிய ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.

அந்தக் காலி பாட்டில்களில் கோடு இன்னும் இருக்கலாமே என்று தோன்றியது அப்போதுதான்.

7

தம்பிக்கு ஃபோன் போட்டேன். அவன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தருகிறவன். மாடம்பாக்கத்தில் கன்னியம்மா என்று ஒருத்தி, கோயிலுக்குப் பின்னால் வீடு, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய பாட்டில் ஏதாவது வைத்திருக்கிறாளா என்று கேட்டு வா என்றேன். உனக்குக் குளிரில் மூளை உறைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

நான்கு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது. சோதனை நிலம் இப்போது மனைகளாகிவிட்டதாம், கன்னியம்மா அதே இடத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாளாம். கடை அலமாரியில் துவரம்பருப்பும் புளியும் மிளகாயும் இருந்த பாட்டில்களில் எனாமல் கோடு அப்படியே இருந்ததாம். தேய்க்காமல் கழுவுவாளாம். ஆறு இருந்தன. நான்கு புள்ளி வைத்தது மட்டும் உடைந்துவிட்டது. தம்பி பள்ளியிலிருந்து அளவுக் குடுவை கொண்டுபோய், கோடு வரைக்கும் நிரப்பிய தண்ணீரை ஒவ்வொன்றாக அளந்து எனக்கு எண்களைச் சொன்னான். நான் எழுதிக்கொண்டேன். மழைமானியின் வாய்ப் பரப்பால் வகுத்து அவற்றை மழையளவாக மாற்றினேன். இரண்டாம் நாள் மழை நான் எழுதியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அன்னெகெ அந்த மூன்று நாளையும் திருத்தினார். நான்காம் நாளை என்ன செய்வது என்று கேட்டேன். வெற்றாக விடு, தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் கணக்குதான் என்றார். பிறகு கம்ப்யூட்டரை ஓட விட்டார்.

அந்தச் சில நிமிஷங்களை நான் எப்படி எழுதுவேன்? திரையில் ஆடியில் ஒரு விதை முளைத்தது. புரட்டாசியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. புள்ளி வைத்த பாட்டில்களின் மழை பெய்தது. தண்ணீர்க் கோடு ஏறியது, ஏறியது, இரண்டு பயிர்க் கோடுகளும் அதற்குக் கீழே போய் மறைந்தன. ஒன்று மட்டும் மேலே நின்றது. கடைசியில் அது சொன்ன விளைச்சல் கன்னியம்மா தராசில் பார்த்ததற்கு மிக அருகில் வந்து நின்றது. ஒரு படியோ இரண்டு படியோ வித்தியாசம். எழுத்துத் தெரியாத ஒருத்தி பெயின்ட் குச்சியால் இழுத்த கோட்டை, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு எந்திரம் ஆமாம் என்கிறது. நான் அழுதேன், வெட்கப்படவில்லை. அன்னெகெ எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்த வருஷம் பட்டியலில் நின்றது. புழுதி விதைப்பும் நின்றது. தவறு யாருடையது என்ற குறிப்பை என்னையே எழுதச் சொன்னார், எழுதினேன். பதிவு செய்தவர் என்ற இடத்தில் அந்த மூன்று நாளுக்கும் என் பெயரை எடுத்துவிட்டுக் கன்னியம்மாவின் பெயரைப் போட்டேன். ஒப்பந்தத்தில் அன்னெகெ கையெழுத்துப் போட்டார். ஆனால் மூன்று வாரம் என்னோடு காபி குடிக்கவில்லை. அது நியாயம்தான்.

மிச்சத்தை அவள் வாயாலேயே கேள் என்று தம்பி சொல்லியிருந்தான். அதுதான் போன வாரம் வந்த கேசட். கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்து போட்டோம். முதலில் ஸ்டவ் இரைச்சல், யாரோ சட்னி கேட்கும் சத்தம். அப்புறம் அந்தக் குரல். ரேச்சல், இது தமிழா என்று என் காதில் கேட்டாள். இதுதான் தமிழ், கவனி என்றேன்.

"டேவிட்ணா, நல்லா கீறியா? உன் தம்பி வந்துகீறாரு. பன்னெண்டு வருசம் கயிச்சு பாட்டில் கேட்டு ஆள் அனுப்பிகீறியே, இன்னா பேஜாரோனு பயந்துட்டேன். ஒண்ணு போன தீவாளிக்கு கை தவறி ஒடஞ்சிடுச்சு, கோச்சுக்காத. பருப்பு, புளி எல்லாத்தையும் வேற டப்பால கொட்டிட்டு, கோடு வரிக்கும் நானே தண்ணி ஊத்திக் குடுத்தேன். உன் தம்பி அளந்து எயுதிகினாரு. இந்த வாட்டியாச்சும் கீழ ஊத்திடாதணா."